ராஹாவுக்கு வந்த ஜாஹா

டாக்டர் பர்ஜஸ், டாக்டர் ஹிக்மத்துக்குத் தரவேண்டியிருந்தது அறுநூற்று நாற்பது தினார். கை நீட்டி வாங்கிய கடனில்லை. பல்கலைக்கழகத்தின் அரசியல் துறைக்குப் பின்னால், பைன் மரத்தடியில் வண்டிகள் நிற்கும் இடத்தில், ஒரு மழைநாளில் பர்ஜஸ் தன் பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்தபோது ஹிக்மத்தின் புதுக் காரின் மூஞ்சி நசுங்கிப்போனது. வளாகத்துக்குள் நடந்த மோதலுக்குக் காசு கிடையாது என்று காப்பீட்டுக்காரன் கையை விரித்துவிட்டான். பட்டறைக்காரன் எழுதிக் கொடுத்த தொகைதான் அந்த அறுநூற்று நாற்பது.

பர்ஜஸ் தரமாட்டேன் என்றார். ஹிக்மத் விடமாட்டேன் என்றார். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

சிரிப்பு என்னவென்றால், பர்ஜஸ் பாடம் நடத்துவது சமாதானப் பேச்சுவார்த்தை பற்றி. ஹிக்மத் நடத்துவது நாடுகளின் எல்லைத் தகராறு பற்றி. "ஊருக்கெல்லாம் சமாதானம் சொல்லித் தர்ற ஆளுக்கு, பின்னாடி என்ன நிக்குதுன்னு திரும்பிப் பாக்கத் தெரியல" என்று ஹிக்மத் கீழே தேநீர் அறையில் சொல்வார். அது படியேறி மேலே போய்விடும். "எல்லைக்கோட்டைப் பத்திப் புத்தகம் எழுதின மனுஷன் கோட்டுமேல காரை ஏத்தி நிறுத்தியிருந்தாரு" என்று மேலேயிருந்து பதில் இறங்கி வரும். ஒருவர் இருக்கும் அறைக்குள் மற்றவர் கால் வைப்பதில்லை.

மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு. கிதாமுக்கு மட்டும் இது வயிற்றில் நெருப்பு.

கிதாம் ஐந்தாவது பெண். போதும், இதோடு முடியட்டும் என்று 'முடிவு' எனப் பொருள்படும் அந்தப் பெயரை வைத்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தது வேறு கதை. அவளுக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. விடியற்காலையில் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கிவிட்டு, கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிக்கொண்டு, பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கு வருவாள். எத்தனை தேய்த்தாலும் வாசம் போகாது. எந்தப் பக்கத்து ஊருக்கு எந்த வாரம் குழாயில் தண்ணீர் வந்தது, அங்கே ஊராட்சித் தேர்தலில் யாருக்கு வாக்கு விழுந்தது என்று ஊர் ஊராக அலைந்து விசாரித்து, முதுகு ஒடிய உட்கார்ந்து ஆய்வேட்டை எழுதி முடித்திருந்தாள். முடித்து என்ன? கடைசித் தேர்வுக்கு முன்னால் துறையில் ஒரு கருத்தரங்கு நடத்தி, வழிகாட்டிகள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்டு, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவளுடைய வழிகாட்டிகள் யார் என்று கேட்கிறீர்களா? ஒருவர் பர்ஜஸ், இன்னொருவர் ஹிக்மத்.

துறை வாசலில் 'வரும் நிகழ்ச்சிகள்' என்று ஒரு பலகை உண்டு. அதில் அவள் பெயர் மூன்று முறை ஏறி, மூன்று முறையும் அடிக்கப்பட்டது. முதல் தடவை ஹிக்மத் வந்திருப்பது தெரிந்து பர்ஜஸ் வாசலோடு திரும்பினார். இரண்டாம் தடவை பர்ஜஸின் பிக்கப்பைப் பார்த்துவிட்டு ஹிக்மத் காரைவிட்டே இறங்கவில்லை. மூன்றாம் தடவை இருவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல். இந்த மாதக் கடைசியோடு அவளுடைய பதிவும் காலாவதி. அதற்கப்புறம் ஐந்து வருஷ உழைப்பைத் தீவனச் சாக்கில் கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் பலகையில் புதிதாக ஒரு தாள் ஒட்டினார்கள். புதன்கிழமை, ராஹா அமர்வு. ராஹா என்றால் ஆறுதல், ஓய்வு. படிப்பவர்களும் படிப்பிப்பவர்களும் மனசை லேசாக்கிக்கொள்ள தலைநகர் அம்மானிலிருந்து ஒரு பெண் வந்து வழி சொல்லப் போகிறாளாம். அதற்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை, கிதாமின் கருத்தரங்கு. நான்காவது முறை.

அலுவலகத்தில் இருந்த சமீஹா பசையைத் தடவிக்கொண்டே அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"புதன்கிழமை வாத்தியார் யாரும் தப்பிக்க முடியாது. வரலைன்னா சம்பளத்துல கை வைப்பேன்னு டீன் உத்தரவு போட்டுட்டாரு. ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கப் போறாங்கடி. அன்னைக்கு அவங்ககிட்ட பேசிடு. இல்லைன்னா ஞாயித்துக்கிழமையும் நான் பேனாவை எடுத்து அடிக்கத்தான் போறேன்."

கிதாம் தன் பெரியப்பாவுக்குப் போன் செய்தாள். அபூ மன்வர் ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் மினிபஸ் ஓட்டுகிறவர். தினமும் அவள் அதில்தான் வருவாள். புதன்கிழமை நாற்காலி போட உதவி செய்ய வேண்டும், அதனால் பண்ணை லாரியிலேயே சீக்கிரம் போய்விடுவேன், காத்திருக்க வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். அவர் போனைத் தலைத்துணிக்குள் செருகிக்கொண்டு ஹாரனை அடித்துக்கொண்டே பேசுவார். பின்னால் ரேடியோ அலறும்.

"துறையில ராஹா இருக்கு பெரியப்பா. டாக்டர் பர்ஜஸும் டாக்டர் ஹிக்மத்தும் வர்றாங்க."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான். வந்தே ஆகணுமாம்."

"அப்பாடா. இப்பவாவது புத்தி வந்துச்சே. எத்தனை மணிக்கும்மா?"

பத்து மணிக்கு என்றாள். அவர் ஏன் அத்தனை சந்தோஷப்பட்டார் என்று அவளுக்கு விளங்கவில்லை. தன் கஷ்டம் தெரிந்த மனுஷர், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் பெரிய வகுப்பறையில் மேசைகளை ஓரங்கட்டி நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். அம்மானிலிருந்து வந்த பெண்ணின் பெயர் லாரின். மெல்லிசாக, மழையில் நனையாத மாதிரிப் பளிச்சென்று இருந்தாள். பாய்களைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். காப்பி குடித்தால் நெஞ்சு படபடக்கும் என்று சொல்லி, இரண்டு பெரிய பிளாஸ்க் நிறைய பாபூனா டீ கொண்டுவந்திருந்தாள். வெள்ளைப் பூவைக் கொதிக்க வைத்து இறக்கும் அந்தத் தண்ணீர் குழந்தைக்கு வயிற்றுவலி வந்தால் கொடுப்பது.

ஹிக்மத் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பர்ஜஸ் வந்து பார்த்துவிட்டு, எதிர்ச் சுவரோரம் இருந்த கடைசி நாற்காலியை இன்னும் ஒரு சாண் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நடுவில் மாணவர்கள். கிதாம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் கண்ணை மூடச் சொன்னாள் லாரின். மூடினார்கள். அப்போதுதான் கதவு திறந்தது.

ஜரிகைக் கரை போட்ட கறுப்பு அங்கிகள். சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணிகள். முன்னால் ஷேக் ருஷைத், அந்த வட்டாரத்தில் எந்தச் சச்சரவானாலும் முதலில் கூப்பிடும் ஆள். அவருக்குப் பின்னால் ஊர்ப் பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக, மினிபஸ் நிறைய. கடைசியாக அபூ மன்வர், கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி சவரம் செய்துகொண்டு.

கிதாமுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. இவள் சொன்னது ராஹா. அவர் காதில் விழுந்தது ஜாஹா. பெண் கேட்கவும், வெட்டுக்குத்தைத் தீர்க்கவும், வண்டி மோதினால் மன்னிப்புக் கேட்கவும் ஊர்ப் பெரியவர்கள் திரண்டு போவார்களே, அந்த ஜாஹா. பர்ஜஸ், ஹிக்மத் என்ற இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னால் இந்த ஊரில் எந்தக் காதும் அப்படித்தான் கேட்கும்.

அவள் ஓடிப்போய்ப் பெரியப்பாவின் கையைப் பிடித்துக் காதோரம் விஷயத்தைச் சொன்னாள். சவரம் செய்த முகம் வெளிறிப்போனது.

"ஆட்டு மேய்ச்சலை நிறுத்திட்டு வந்திருக்காங்கம்மா ஆளாளுக்கு. ஷேக் ஆஸ்பத்திரிக்குப் போற நாளைக்கூடத் தள்ளிப் போட்டுட்டு வந்திருக்காரு. இப்ப போய் நான் என்ன சொல்றது?"

லாரினுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ராஹா அமர்வுக்கு வயதானவர்கள் இத்தனை பேர் வந்து அவள் எங்கேயும் பார்த்ததில்லை. ஓடி ஓடி நாற்காலி கொடுத்தாள். ஒவ்வொருவர் கையிலும் காகிதக் கோப்பையில் பாபூனா டீயைக் கொடுத்தாள். பிறகு நடுவில் நின்று மெல்லிய குரலில் ஆரம்பித்தாள்.

"மூச்சை நல்லா உள்ள இழுங்க. மனசுல என்ன பாரம் இருக்கோ, அதை இப்ப உங்க முன்னாடி தரையில வைங்க."

ஷேக் ருஷைத் காகிதக் கோப்பையைத் தன் முன்னால் தரையில் வைத்தார். பெரியவர்கள் எல்லோரும் வைத்தார்கள்.

"ரொம்ப அருமை" என்றாள் லாரின்.

அறையில் மற்றவர்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. ஜாஹாவில் கோப்பையைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்று அங்கே பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கேட்க வந்ததைக் கொடுத்தால்தான் வாயில் வைப்போம், இல்லையென்றால் எழுந்து போவோம் என்று அர்த்தம். ஜாஹாவைக் குடிக்காமல் அனுப்பிய வீட்டுக்கு அப்புறம் யாரும் சாவுக்குக்கூடப் போகமாட்டார்கள். ஹிக்மத் கையிலிருந்த பேனாவின் மூடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

ஷேக் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடவுளின் பெயரைச் சொல்லி, வந்தவர்களின் குலப்பெயர்களைச் சொல்லி முறைப்படி ஆரம்பித்தார். டாக்டர் பர்ஜஸின் சார்பில் டாக்டர் ஹிக்மத்தின் முன்னால் வந்திருக்கிறோம் என்றார்.

பர்ஜஸ் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான் யாரையும் அனுப்பல. என் பேர்ல யாரும் பேச வேண்டாம்."

அவ்வளவுதான். யாரும் அனுப்பாத ஜாஹா என்றால், அழைக்காத விருந்துக்கு வந்து நிற்கிற மாதிரி. ஷேக்கின் வாய் பாதியில் நின்றது. பின்னால் இருந்த ஒருவர் அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழப் போனார். அபூ மன்வர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இத்தனை பேருடைய மானமும் ஒரு எழுத்து மாறியதால் காற்றில் போகப் போகிறது. அவர்கள் எழுந்து போனால் அவமானம். இனி அந்த இரண்டு பேரும் ஏழு ஜன்மத்துக்கும் ஒரு மேசையில் உட்காரமாட்டார்கள் என்பதும் கிதாமுக்குத் தெரிந்தது.

அவள் வட்டத்தின் நடுவுக்குப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கால் போனது.

"யாரும் அனுப்பல டாக்டர். அழைச்சது நான்தான். என் வாய் ஒண்ணு சொல்லிச்சு, பெரியப்பா காது ஒண்ணு கேட்டுச்சு. ஆனா கூப்பிட்டது நான். அதனால இது என்னோட ஜாஹா."

பொம்பளையின் ஜாஹாவா என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். ஷேக் ருஷைத் அவரைத் திரும்பிப் பார்த்தார். முணுமுணுப்பு நின்றது. பிறகு ஷேக் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க கால் இங்க வந்தாச்சு. வந்த கால் சும்மா போகாது. கேளு மகளே. எங்க எல்லார் முகத்தையும் வச்சுக் கேளு."

இரவெல்லாம் அவள் ஒத்திகை பார்த்த நல்ல வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. வந்தது இதுதான்.

"எனக்குக் கார் கணக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காரணும். நான் எழுதினதைப் படிச்சுட்டு வந்து உக்காரணும். திட்டுங்க, கிழிச்சுப் போடுங்க, திரும்பி எழுதுன்னு சொல்லுங்க, எழுதறேன். ஆனா ரெண்டு பேரும் இருந்து சொல்லுங்க. முட்டை ஒரு தடவை விழுந்தாலே உடைஞ்சுடும் டாக்டர். நான் மூணு தடவை விழுந்துட்டு நிக்கிறேன்."

லாரின் பக்கத்திலிருந்த மாணவியிடம் என்ன நடக்கிறது என்று கிசுகிசுப்பாகக் கேட்டாள். மனசு லேசாகிறது என்று அந்த மாணவி சொன்னாள்.

முதலில் அசைந்தவர் பர்ஜஸ். ஜாஹா என்றால் என்ன, அதில் தப்பு செய்தவன் எங்கே நிற்க வேண்டும் என்று வருஷா வருஷம் வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிறவர் அவர். தள்ளிவிட்ட நாற்காலியை நிமிர்த்தினார். அதைத் தூக்கிக்கொண்டு அறையைக் குறுக்கே கடந்தார். பெரியவர்களுக்குப் பின்னால், அபூ மன்வருக்குப் பக்கத்தில், தப்பு செய்தவனுடைய இடத்தில் போட்டு உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கு நான் பின்னாடி பாக்கல" என்றார். யாரிடம் என்றில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஹிக்மத்தின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்க அவர் குனியவில்லை. எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அதுவரை பல்கலைக்கழகத்து மனுஷராக இருந்தவர், அப்போது அவருடைய அப்பா மாதிரிப் பேசினார்.

"வந்தவங்களுக்கு நல்வரவு. எனக்கு வரவேண்டியது அறுநூத்தி நாப்பது. அதுல கடவுளுக்காக இருநூறு விட்டேன். நபிக்காக இருநூறு விட்டேன். ஷேக் ருஷைத்துக்காகவும் கூட வந்தவங்களுக்காகவும் இருநூறு விட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மிச்சம் நாப்பது இருக்கட்டும். அது விளக்குக் கண்ணாடி விலை. என் பெண்டாட்டி பையிலருந்து குடுத்தது. அதையும் விட்டேன்னா அவ என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

சிரிப்பு ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. பர்ஜஸ்கூடத் தலையைக் குனிந்தபடியே தோள் குலுங்கச் சிரித்தார்.

"அந்தப் பொண்ணு கேட்டது?" என்றார் ஷேக். அவர் கை இன்னும் கோப்பைப் பக்கம் போகவில்லை.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு. படிச்சுட்டு வர்றேன். குடிங்க."

ஷேக் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். உடனே முகத்தைச் சுளித்தார்.

"என்னடா இது, பல்கலைக்கழகத்துல எல்லாருக்கும் வயித்துவலியா?"

அடுத்த அரைமணி நேரம் லாரின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அங்கி போட்ட பெரியவர்கள் அவள் சொன்னபடி மூச்சை இழுத்தார்கள், விட்டார்கள். ஆட்டுக்குட்டி பிறந்ததும் இப்படித்தான் நெஞ்சைத் தடவிவிடுவோம் என்று ஒருவர் அவளுக்கு விளக்கினார். ஒருவர் பாயில் படுத்துத் தூங்கியே போனார். பர்ஜஸும் ஹிக்மத்தும் ஒருவருக்கொருவர் பேசவில்லை. ஆனால் இருவரும் கடைசிவரை அந்த அறையிலேயே இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பலகையில் கிதாமின் பெயர் அடிபடாமல் இருந்தது. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் அதைத்தான் பார்த்தாள். அந்த பஸ்ஸில் அவளோடு ஷேக் ருஷைத்தும் மற்றவர்களும் வந்து இறங்கினார்கள். கேட்டது கிடைத்ததா என்று கண்ணால் பார்க்காமல் ஜாஹா முடியாது என்று ஷேக் சொல்லிவிட்டாராம்.

பத்து மணிக்கு முன்னாலேயே ஹிக்மத் மேசையில் இருந்தார். பர்ஜஸ் வாசலில் ஒரு கணம் நின்றார். சமீஹாவின் கை தன்னையறியாமல் பேனாவைத் தேடியது. பர்ஜஸ் உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கிதாம் பேசினாள். மூன்றாவது தாளுக்கு மேல் தாளைப் பார்க்கவே இல்லை. எந்த ஊரில் எந்தக் கிழமை தண்ணீர் வரும் என்பதை அவள் காலே அறியும். கால்நடையாய்ப் போய்க் கதவு கதவாகத் தட்டிக் கேட்டது.

ஹிக்மத் முதல் கேள்வியிலேயே கழுத்தைப் பிடித்தார். மக்கள் தண்ணீருக்காக வாக்குப் போட்டார்கள் என்கிறாய், குலத்துக்காகப் போடவில்லை என்று எப்படிச் சொல்வாய் என்றார். இரண்டு வேட்பாளரும் ஒரே குலத்தில் நின்ற ஊர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தேன், அங்கேயும் தண்ணீர் தவறாமல் வந்த ஊரில் பழைய ஆளுக்கே வாக்கு ஏறியிருந்தது என்றாள் அவள். ஹிக்மத் அந்தப் பக்கத்தைப் புரட்டினார். மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். பர்ஜஸ் அதற்குள் இடைமறித்தார். அந்த ஊர்கள் ரொம்பக் குறைச்சல் என்றார். குறைச்சலாக இருந்தால் என்ன, பிரித்த விதம் சரிதானே என்று ஹிக்மத் அவர் பக்கம் திரும்பிச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் நேருக்கு நேராக அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. அவளுடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தைப் பற்றி. அப்புறம் இரண்டு பேரும் அவளை மறந்துவிட்டு அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். அவள் நடுவில் நின்று, ஒருமுறை இவர் பக்கமும் ஒருமுறை அவர் பக்கமும் எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் இருவருமே அவள் எழுதியதற்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே பேனாவில். திருத்தம் ஏதுமில்லை, நேரே கடைசித் தேர்வுக்குப் போகலாம் என்று பர்ஜஸ் எழுந்து நின்று வாசித்தார்.

சமீஹா நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள். கருத்தரங்கு அறையில் குலவை கேட்டதில்லை. மாடியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அபூ மன்வர் தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புழுதி புழுதி என்று யாரும் கேட்காமலே சொன்னார். ஐந்தாவது பெண் என்று முகம் சுளித்த சொந்தமெல்லாம் இப்போது வரட்டும் என்று சேர்த்துக்கொண்டார். கிதாம் தன் கையை முகர்ந்து பார்த்தாள். கோழிப்பண்ணை வாசம் அப்படியேதான் இருந்தது. இருக்கட்டும் என்று நினைத்தாள்.

வெளியே வந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. பைன் மரத்தடியில் பர்ஜஸ் பிக்கப்பை எடுக்க வேண்டும். பின்னால் ஹிக்மத்தின் கார், வழக்கம் போலக் கோட்டின்மேல் ஏறி நின்றது. பர்ஜஸ் ஏறி உட்கார்ந்தார். வண்டியை நகர்த்தாமல் அப்படியே இருந்தார். எல்லோரும் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹிக்மத் பையைக் கிதாமின் கையில் கொடுத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். பிக்கப்புக்குப் பின்னால், தன் காருக்கு முன்னால் நின்றுகொண்டு இரண்டு கையையும் தூக்கினார்.

"வாங்க, வாங்க. இடது பக்கம் ஒடிங்க. இன்னும் வாங்க. போதும்."

வண்டி தொடாமல் நின்றது. பர்ஜஸ் கண்ணாடியை இறக்கி, மடித்து வைத்திருந்த இரண்டு இருபது தினார் நோட்டுகளை வெளியே நீட்டினார். ஹிக்மத் படியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கையை நோட்டோடு சேர்த்து வண்டிக்குள்ளேயே தள்ளினார்.

"அந்த நாப்பது கிதாமுக்காக விட்டேன். வீட்டுல நான் சொல்லிக்கிறேன், நீங்க போங்க."